லாரியை நிரப்புவதற்கு முன் ஒரு போன் போடுங்கள்

குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தை என் மகள் போனில் படித்துக் காட்டினாள். சென்னையில் உங்கள் குடியிருப்பில்தான் அவள் வாடகைக்கு இருக்கிறாள். இந்த மழைக்காலத்தில் எங்காவது புயல் அடித்தால் சங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான தீர்மானம் அது. "ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழைய துணிகள் சேகரிக்கப்படும். கிழிசல் இருந்தாலும் பரவாயில்லை, அங்கே உள்ளவர்களுக்கு உதவும்" என்று ஒரு வரி. ஒரே லாரி, ஒரே நாள், அதோடு சரி என்று ஒரு வரி. பணமாகவோ கருவிகளாகவோ உதவுவதில்லை என்று இன்னொரு வரி.

தார்ப்பாயும் ஜெனரேட்டரும் வாங்க ஒரு சிறிய நிதி ஒதுக்கலாமே என்று என் மகள் எழுந்து கேட்டிருக்கிறாள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்லி உட்கார வைத்துவிட்டீர்கள். அது உங்கள் சங்கத்தின் விதி, அதில் நான் தலையிட முடியாது. ஆனால் உங்கள் லாரி வந்து நிற்கப்போகிற ஊர்களில் ஒன்றிலிருந்து நான் எழுதுகிறேன். அதை இறக்கப்போகிறவர்கள் நாங்கள். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

பேராவூரணிப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. தென்னைதான் எங்களுக்குச் சோறு. 2018 நவம்பர் 15ஆம் தேதி ராத்திரி படுக்கப் போகும்போது எங்கள் இரண்டு ஏக்கர் தோப்பில் 140 மரங்கள் நின்றன. 16ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று உள்ளே புகுந்து போயிருந்தது. 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியதாகப் பின்னால் சொன்னார்கள். எங்களுக்கு அது ஒரு சத்தமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தோப்புக்குள் யாரோ மாற்றி மாற்றி வெடி போடுவது போல மரங்கள் முறிந்துகொண்டே இருந்தன. விடிந்து கதவைத் திறந்தபோது பதினொரு மரங்கள் நின்றன. என் மாமியார் 1977 புயலைப் பார்த்தவர். திண்ணையில் உட்கார்ந்து விரலை நீட்டி நீட்டி அந்தப் பதினொன்றையும் எண்ணினார். அன்று மாலை வரைக்கும் அவர் எதுவும் பேசவில்லை.

நான் மகளிர் குழுத் தலைவியாக இருந்ததால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வந்து இறங்கிய நிவாரணப் பொருள்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நானும் இன்னும் ஏழு பெண்களும் பார்த்தோம். அந்த ஒரு மாதத்தில் எங்கள் கையில் வந்தது எது, வராமல் போனது எது என்பதை ஒன்றுவிடாமல் சொல்ல முடியும். தினமும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதலில் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் வகுப்பு அறை முழுக்கத் துணி. ஜன்னல் உயரத்துக்கு மூட்டைகள். பிரித்துப் பார்த்தால் குளிர் ஊரில் போடும் கோட்டு, ஜிகினா வைத்த கல்யாணப் பாவாடை, ஏதோ ஒரு பள்ளியின் பெயர் தைத்த சீருடை, ஒற்றைச் செருப்பு, கறை போகாத உள்ளாடை. துவைக்காமல் கட்டி அனுப்பிய மூட்டைகள் மழை ஈரத்தில் நாற ஆரம்பித்துவிட்டன. எட்டுப் பெண்கள் இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்து பிரித்தோம். அவர்களில் மூன்று பேருக்குக் கூரை போய்விட்டது. தங்கள் வீட்டு ஓலையை அள்ள வேண்டிய நேரத்தில் அடுத்தவர் வீட்டுக் கழிசலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உடுத்துகிற மாதிரி தேறியது நான்கு மூட்டை. மீதியைப் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று தகவல் வந்ததும் ஏரிக்கரை ஓரம் குழி வெட்டிப் புதைத்தோம். குழி வெட்டிய கூலியும் எங்கள் குழுப் பணம்தான்.

அந்த நான்கு மூட்டையிலிருந்து ஒரு சேலையை எங்கள் தெருப் பாட்டி ஒருவரிடம் நீட்டினேன். ஓலை வேய்ந்த வீட்டில் தனியாக இருந்தவர். கூரையும் போய், பெட்டியும் நனைந்து, கட்டியிருந்த சேலை மட்டும்தான் அவருக்கு மிச்சம். கொடுத்த சேலையை விரித்தார். முந்தானையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை. ஒன்றும் சொல்லாமல் மடித்து என் கையிலேயே வைத்துவிட்டு, ஈரச் சேலையோடு திரும்பிப் போனார். கிழிசல் இருந்தாலும் பரவாயில்லை என்று என் மகள் படித்தபோது அந்தப் பாட்டியின் முகம்தான் எனக்கு வந்தது. அவர் இப்போது இல்லை.

இது கஜாவோடு தொடங்கியதும் இல்லை. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அடுத்த வாரம் நானும் என் கணவரும் அந்தப் பக்கம் போனோம். சாலை ஓரமெல்லாம் துணி. லாரிகளிலிருந்து தள்ளிவிட்டுப் போன துணிக் குவியல்கள் மழையில் நனைந்து, மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. மாடுகள் அதன்மேல் நடந்தன. ஊரைச் சுத்தம் செய்ய வந்த துப்புரவுப் பணியாளர்கள் அந்தத் துணியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் பதினான்கு வருடம் கழித்து அதே தவறு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. இப்போது அதை நீங்கள் தீர்மானமாகவே போட்டிருக்கிறீர்கள்.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நின்றபோது எங்கள் குழுவும் இதையே செய்தது. ராத்திரியோடு ராத்திரியாக 400 பொட்டலம் புளிசாதம் கட்டி வேனில் அனுப்பினோம். யாரையும் கேட்கவில்லை. பசிக்கும், சாப்பிடுவார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். வேன் போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆனது. பாதிப் பொட்டலம் ஊசிப்போயிற்று. வாங்கிக்கொண்ட ஓர் அம்மா எங்கள் டிரைவரிடம் தன்மையாகச் சொன்னாராம்: "சாப்பாடு இங்கே நிறைய வருது தம்பி. வீட்டுக்குள்ள முழங்கால் சேறு. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் தள்ளுகட்டையும் யாராவது கொண்டு வந்தால் தேவலை." அந்த வார்த்தை எங்களுக்குக் கிளம்புவதற்கு முன்பே தெரிந்திருக்கும், ஒரே ஒரு போன் போட்டிருந்தால்.

ஒரு புயலைப் போல இன்னொரு புயல் இருப்பதில்லை. எங்களை அழித்தது காற்று. 2023 மிக்ஜாமில் உங்கள் ஊருக்குத் தண்ணீர்தான் வினை, எண்ணூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் புகுந்தது. 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. வெள்ளமோ விழுப்புரம், திருவண்ணாமலை, ஊத்தங்கரை வரைக்கும் போயிற்று. கடலைக் கண்ணால் பார்த்திராதவர்கள் புயலில் வீடு இழந்தார்கள். எண்ணெய் படிந்த வீட்டுக்கு வேண்டியதும் கூரை பறந்த வீட்டுக்கு வேண்டியதும் ஒன்றாகவா இருக்கும்? என்ன புயல், எங்கே அடித்தது என்று தெரிவதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் பழைய துணி என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

கஜாவுக்குப் பிறகு எங்களுக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது என்று என் நோட்டிலிருந்து சொல்கிறேன்.

முதல் நாள் வழி. ஊருக்குள் வரும் சாலையில் மரத்துக்கு மேல் மரம். மரம் அறுக்கும் மிஷின் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது, அதற்கும் பெட்ரோல் இல்லை. அரிவாளாலும் கோடரியாலும் வெட்டி வழி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் ஒரு பிரசவத்துக்குக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் நாள் தண்ணீர். மழைக்காலம், குளம் நிறைய தண்ணீர், குடிக்க ஒரு குடம் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 26 நாள் ஆயிற்று. ஈபிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்தவர்கள் வயல் சேற்றில் இடுப்பளவு நின்று கம்பம் நட்டார்கள், எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் தூங்கினார்கள். ஆனால் அதுவரைக்கும் தண்ணீர் வேண்டும். வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டு, கல்யாண வீடுகளுக்குப் பந்தல் போடுகிறவரிடம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். அவரும் ஒரு ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு ஐந்து ஊருக்கு ஓடினார். உங்கள் துணி லாரிக்கு ஆகும் டீசல் காசில் எங்கள் தொட்டி ஒரு வாரம் நிறைந்திருக்கும். அந்த வருடம் கார்த்திகைத் தீபத்துக்கு ஊரே இருட்டு. அகல் விளக்குக்கு எண்ணெய் வைத்திருந்தவர்கள் வாசலில் ஒன்று ஏற்றினார்கள், மற்றவர்கள் நிவாரணத்தில் வந்த மெழுகுவர்த்தியைத் துண்டாக்கி ஏற்றினார்கள்.

அப்புறம் தார்ப்பாய். கூரை போன வீட்டுக்கு அரிசியைவிட முதலில் வேண்டியது அதுதான். ஏனென்றால் மேலே மூடினால்தான் கொடுத்த அரிசி நனையாமல் இருக்கும். எங்கள் ஊரில் 90 வீட்டுக்குக் கூரை இல்லை, வந்தது 22 தார்ப்பாய். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. கைக்குழந்தை இருக்கிற வீடு, வயசானவர்கள் இருக்கிற வீடு என்று பார்த்துக் கொடுத்தேன். விடுபட்டவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. அவர்களைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாத்திரை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். மாத்திரைப் பட்டை நனைந்துபோனது, மருந்துக்கடை திறக்கவில்லை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அதைக் குளிர்ச்சியாக வைக்க வழியில்லை. மாதவிடாய்க்கு நாப்கின் வேண்டும் என்று வந்திருந்த தம்பிகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு எங்கள் பெண்கள் நான்கு நாள் சும்மா இருந்தார்கள். கடைசியில் நான்தான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தம்பிகள் ஒரு கேள்வியும் கேட்காமல் மறுநாளே பட்டுக்கோட்டையில் வாங்கி வந்தார்கள். சீட்டில் எழுதியிருந்தது எல்லாமே வந்தது. நாங்கள் கேட்டு வந்த பொருள் ஒன்றுகூட வீணாகவில்லை என்பதை அந்த நோட்டைப் பார்த்தால் நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

வந்த லாரிகள் எங்கே நின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பட்டுக்கோட்டை, பேராவூரணி மெயின் ரோட்டிலும் உள்ள ஊர்களில்தான் முக்கால்வாசி வண்டி நின்றது. ஒரே பேருந்து நிறுத்தத்தில் ஒரு நாளில் மூன்று தடவை பிஸ்கட்டும் பிரெட்டும் கொடுத்திருக்கிறார்கள். நான்கு கிலோமீட்டர் உள்ளே இருந்த எங்களுக்கு முதல் வண்டி ஆறாம் நாள் வந்தது. எங்கள் ஊரிலும் அதே கதைதான், ஊர் முகப்பில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். கடைசியில் இருக்கிற ஆதிதிராவிடர் தெருவுக்கு அன்றைக்கு ஒன்றும் போகவில்லை. அந்தத் தெருவில்தான் ஓலை வீடுகள் அதிகம். மரம் ஏறுகிறவர்களும் மட்டை உரிக்கிறவர்களும் கீற்று முடைகிற பெண்களும் அங்கேதான் இருக்கிறார்கள். நாங்கள் எட்டுப் பெண்கள் மறுநாள் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கிருந்த ஒரு பெண் என்னிடம், "நேத்தே வண்டிச் சத்தம் கேட்டுச்சுக்கா, வருமுன்னு பார்த்தோம்" என்றாள். அந்த வார்த்தைக்கு நான் இன்றைக்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சாலையிலேயே நின்று திரும்பினால், யாருக்கு அதிகம் இழப்போ அவர்கள் வரைக்கும் உங்கள் உதவி போகாது.

போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டலம் கொடுப்பதற்கு முன் வரிசையில் நிற்கச் சொல்லி, பேனரைப் பிடிக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி எடுத்தார்கள். புருஷனைப் பறிகொடுத்து ஒரு வாரம் ஆகாத பெண்ணையும் அப்படி நிற்க வைத்தார்கள். கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்றால் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், இறக்கிய இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போட்டு ரசீது தருகிறேன். எங்கள் முகத்தை எடுக்காதீர்கள்.

நல்லது செய்தவர்களைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஐந்து பேர் சின்ன யானை என்று சொல்கிற ஒரு சரக்கு வண்டியில் வந்தார்கள். கிளம்புவதற்கு முன் எங்கள் பஞ்சாயத்துக்குப் போன் போட்டு, "என்ன இல்லை?" என்று கேட்டார்கள். மரம் அறுக்கும் மிஷின் மூன்று, அதற்கு வேண்டிய பெட்ரோல், ஆயில், செயின், கையுறை, தங்களுக்கு வேண்டிய அரிசி பருப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். ஒன்பது நாள் பள்ளிக்கூட வராந்தாவில் தங்கினார்கள். வீட்டின்மேல் சாய்ந்த மரங்களை முதலில் எடுத்தார்கள். விழுந்த தென்னையை அறுக்கும்போது வேர்ப்பக்கம் திடீரென்று நிமிர்ந்து அடிக்கும், ஆளையே கொன்றுவிடும். அதனால் எங்கள் ஊர் வெட்டாள்களைக் கூலி கொடுத்துக் கூட வைத்துக்கொண்டார்கள். வேலை போன ஆளுக்கு ஒன்பது நாள் கூலி கிடைத்தது, ஊருக்கு வழியும் கிடைத்தது. அதைவிடப் பெரிய நிவாரணம் எங்கள் ஊருக்கு யாரும் தரவில்லை என்பேன்.

சட்டம் படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர் வந்து ஒரு வாரம் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். அரசாங்கம் விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்து நிவாரணம் அறிவித்தது. ஆனால் அதை வாங்க பட்டா வேண்டும், பாஸ்புக் வேண்டும், கணக்கெடுப்பில் பெயர் வர வேண்டும். பெட்டியோடு காகிதமெல்லாம் நனைந்து கூழாகிப் போன வீடுகள் எத்தனையோ. அப்பா பெயரில் பட்டா, மூன்று பிள்ளைகள் பிரித்துப் பயிர் செய்வது, குத்தகைக்கு எடுத்தவருக்கு எழுத்தே இல்லாதது, புறம்போக்கில் வீடு கட்டியிருப்பது, எல்லாச் சிக்கலும் எங்கள் ஊரில் உண்டு. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மனு எழுதிக் கொடுத்து, நகல் எடுத்து, யாரிடம் எந்த நாளில் கொடுத்தோம் என்பதையும் குறித்துக் கொடுத்தார்கள். 31 பேருக்கு விடுபட்ட பணம் அதனால் வந்தது. அவர்கள் கொண்டுவந்தது ஒரு மூட்டைகூட இல்லை, ஆளுக்கு ஒரு பேனாவும் ஒரு கட்டுத் தாளும்தான்.

உங்கள் 'ஒரே நாள்' என்ற வரிக்கு வருகிறேன். புயல் அடித்த மறுவாரம் தெருவில் நடக்க இடமில்லாமல் வண்டி வந்தது. தை மாதத்துக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. எங்கள் கஷ்டமே அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. விழுந்த மரத்தைச் செங்கல் சூளைக்காரர்கள்கூட எடுக்கவில்லை, ஏற்றும் கூலி கட்டுப்படியாகாது என்றார்கள். தோப்பிலேயே கிடந்து உளுத்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைத்துப் பெருகி, மிச்சம் நிற்கிற மரத்தின் குருத்தையும் புதிதாக வைத்த தென்னம்பிள்ளையையும் துளைத்துத் தின்னும். நின்ற பதினொரு மரத்தில் நான்கை எனக்கு வண்டுதான் கொண்டுபோனது. தேங்காய் இல்லை என்றால் வெட்டுக்கூலி இல்லை, மட்டை இல்லை, கயிறு இல்லை. ஆண்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போனார்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய ஒரு பெண் பிள்ளையைப் பஸ்ஸுக்குக் காசில்லை என்று படிப்பை நிறுத்தப் பார்த்தார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மாதாமாதம் எனக்குப் போன் போட்டுக் கேட்டு, இரண்டு வருடம் அந்தப் பிள்ளைக்கு வேண்டியதை அனுப்பினார். அவர் எங்கள் ஊருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அந்தப் பெண் இன்று நர்ஸ்.

நாங்கள் 2019 ஆடியில் வைத்த தென்னம்பிள்ளைகள் இப்போதுதான் பாளை விட்டிருக்கின்றன. ஒரு புயலிலிருந்து எழுந்திருக்க எங்களுக்கு எத்தனை வருடம் ஆயிற்று என்று இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு ஐப்பசி வருகிறது. எங்கள் ஊரில் இப்போதே ஒவ்வொரு வீட்டிலும் பட்டா, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்கிறோம். உங்கள் பக்கத்துக்கு நான் கேட்பது இவைதான்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். பழைய துணி சேகரிப்பது என்ற வரியை முழுசாக எடுத்துவிடுங்கள். துணிதான் கொடுக்க வேண்டும் என்று யாருக்காவது மனசு இருந்தால் புதுக் கைலி, புதுச் சேலை, புது உள்ளாடை, புதுப் போர்வை வாங்கிக் கொடுக்கட்டும், நாங்கள் கேட்கிற எண்ணிக்கையில்.

பணமாக உதவுவதில்லை என்ற வரியை மாற்றுங்கள். உங்கள் குடியிருப்பில் 240 வீடுகள் என்று மகள் சொன்னாள். வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய் இப்போதிருந்தே ஒதுக்கினால் அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு ஜெனரேட்டர், இரண்டு மரம் அறுக்கும் மிஷின், கொஞ்சம் தார்ப்பாய் வாங்கி உங்கள் கீழ்த்தளத்தில் வைத்துக்கொள்ளலாம். புயல் உங்கள் பக்கமே வந்தாலும் அவை உங்களுக்கே உதவும். பொருளைத் திரட்ட முடியாதவர்கள் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுக்கலாம், பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு அதற்கு வருமான வரி விலக்கும் உண்டு.

கிளம்புவதற்கு முன் கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண் இருக்கிறது. எந்த ஊருக்கு இன்னும் எதுவும் போகவில்லை என்று கேட்டு, அந்த ஊரில் ஒரு பள்ளித் தலைமையாசிரியரையோ மகளிர் குழுவையோ சுகாதாரச் செவிலியரையோ பிடித்து, என்ன வேண்டும், எத்தனை வேண்டும், வண்டி எதுவரை வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் சாலையை ஆம்புலன்சுக்கும் ஈபி வண்டிக்கும் விட்டுவிடுங்கள், கார்களில் பார்க்க வராதீர்கள். வாங்குவதைப் பக்கத்து ஊர்க் கடையில் வாங்குங்கள், அந்தக் கடைக்காரருக்கும் புயல் அடித்திருக்கும்.

வந்தால் ஊரின் கடைசித் தெரு வரைக்கும் வாருங்கள். அங்கே முதலில் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் எங்களுக்குக் கொடுங்கள்.

ஒரே நாள் என்பதற்குப் பதில் ஓர் ஊர், ஒரு வருடம் என்று எழுதுங்கள். மூன்றாம் மாதம் ஒரு தடவை, ஆறாம் மாதம் ஒரு தடவை, வருடம் முடியும்போது ஒரு தடவை போன் போட்டுக் கேட்டாலே போதும். உங்கள் குடியிருப்பில் கணக்கர் இருப்பார், வக்கீல் இருப்பார், டாக்டர் இருப்பார், ஓய்வுபெற்ற அரசு அலுவலர் இருப்பார். மனு எழுதுவதற்கும் மாத்திரைச் சீட்டு பார்ப்பதற்கும் அவர்கள் இரண்டு நாள் வந்தால் ஒரு லாரி பொருளைவிட எங்களுக்கு அது பெரிது.

கூட்டத்தில் என் நோட்டைப் பார்க்க விரும்பினால் மகளிடம் கொடுத்து அனுப்புகிறேன். நானே வந்து பேச வேண்டும் என்றாலும் வருகிறேன், ராத்திரி பஸ் இருக்கிறது. தீபாவளிக்கு முன் உங்கள் பதிலை என் மகளிடம் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகளிர் குழுத் தலைவி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.